கடற்கொள்ளை வழக்கு மும்பைக்கு வந்தால் நிற்குமா? 2022 சட்டம் பற்றி ஒரு மதிப்புரை

கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2023 பிப்ரவரியில். அதற்கு முன் இந்திய நீதிமன்றங்களின் நிலை தெரிய ‘அலோன்ட்ரா ரெயின்போ’ வழக்கே போதும். 1999-ல் அலுமினியக் கட்டிகளோடு கடத்தப்பட்ட அந்தக் கப்பலை, ‘மெகா ராமா’ என்று பெயர் மாற்றி ஓட்டி வந்தவர்களைக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. 2003-ல் மும்பை செஷன்ஸ் நீதிமன்றம் 7 ஆண்டு தண்டனை கொடுத்தது. 2005-ல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் கடற்கொள்ளை என்றொரு குற்றமே இருக்கவில்லை.

புதிய சட்டம் அந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. ஆள் எந்த நாட்டவனாக இருந்தாலும், நம் கடற்படை பிடித்துவந்தால் இங்கேயே விசாரிக்கலாம். வெளிநாட்டுக் கப்பலில் நடந்ததென்றால் மட்டும், அந்தக் கப்பலின் நாடோ உரிமையாளரோ கப்பலில் இருப்பவரோ தலையீடு கேட்டிருக்க வேண்டும். 2024 மார்ச்சில் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’, கடத்தப்பட்டிருந்த ‘ரூயென்’ சரக்குக் கப்பலில் பிடித்த 35 சோமாலியக் கொள்ளையரை ஒரு வாரம் பயணித்து மும்பை போலீசிடம் ஒப்படைத்தது இந்தச் சட்டம் கையில் இருந்ததால்தான். இதற்கு முழு மதிப்பெண்.

இதன் உண்மையான பலம் அனுமானப் பிரிவு. ஆயுதமோ கொள்ளைக்கான கருவிகளோ கைப்பற்றப்பட்டால், குற்றம் செய்யவில்லை என்று நிரூபிப்பது எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) பொறுப்பாகிவிடும். ஆனால் போர்க்கப்பலைக் கண்டதுமே துப்பாக்கி கடலுக்குள் போய்விடும். ‘மீன் பிடிக்க வந்தோம்’ என்பார்கள். மீன்பிடிப் படகென்றால் வலை இருக்கும், ஐஸ் இருக்கும். முனையில் கொக்கி வைத்த நீள ஏணியும் பீப்பாய் பீப்பாயாக எரிபொருளும் எதற்கு? அந்த ஏணிதான் வழக்கு. அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து, ஜி.பி.எஸ். நிலையும் நேரமும் தெரியப் படமெடுத்துச் சீல் வைக்க வேண்டும். படமெடுக்கும் முன்பே படகை எரித்து மூழ்கடிப்பது மிகப் பெரிய தவறு.

கொள்ளையருக்கு இரையான கப்பலும் ஒன்று செய்தாக வேண்டும். வி.டி.ஆர். (கப்பலின் பயணத் தரவைப் பதிவு செய்யும் கருவி) பதிவை உடனே சேமிக்கும் பொத்தானை அழுத்துங்கள். பழைய கருவிகளில் 12 மணி நேரப் பதிவுதான் நிற்கும். பிறகு அதன்மேலேயே புதியது பதிவாகிவிடும். அந்தப் பதிவு நீதிமன்றத்தில் ஏற, புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023) 63-ம் பிரிவின்படி ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை) சான்றிதழ் வேண்டும்.

இனி குறைகள். 12 கடல் மைலுக்குள் நடப்பது இச்சட்டத்தில் வராது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலில் ஏறிக் கயிறும் உதிரிபாகமும் திருடுபவன்மேல் சாதாரணத் திருட்டு, கொள்ளை வழக்குதான்.

சாட்சிகள் விஷயம் இன்னும் கவலை தருவது. மாலுமிகள் பல நாட்டவர். ஒப்பந்தம் முடிந்ததும் சிதறிவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து அடையாளம் காட்ட யார் வருவது? காணொலிச் சாட்சியத்துக்கு இடமுண்டு. அதனால் கப்பலை விட்டு இறங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் வாக்குமூலமும் வீட்டு முகவரியும் வாங்கி வையுங்கள். ஏஜென்சி முகவரி மட்டும் போதாது. சோமாலி மொழிபெயர்ப்பாளரையும் முதல் நாளே ஏற்பாடு செய்ய வேண்டும். காவலில் வைத்த காரணம் எதிரிக்குப் புரியும் மொழியில் சொல்லப்படாவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

உயிர்ச்சேதம் நேர்ந்தால் மரண தண்டனை வரை போகலாம் என்பதையும் மறு பரிசீலனை செய்ய வேண்டும். மரண தண்டனை கிடையாது என்ற உறுதி இல்லாமல் ஐரோப்பியக் கடற்படைகள் கைதிகளை ஒப்படைக்காது. அவர்கள் கொண்டுபோவது இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸுக்குத்தான்.

ஐந்துக்கு மூன்றரை.