ஆர்செனிக் தண்ணீருக்கு ஆணித் துருவா, மேக்னடைட் தூளா?

வங்கதேசத்தில் பல அடிபம்புகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். குடிக்காதே, ஆர்செனிக் இருக்கிறது என்று அர்த்தம். இரும்புச் சத்து மிகுந்த பம்பின் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்தால் முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும். சில மணி நேரத்தில் மஞ்சள் பாரித்து, அடியில் துரு படியும். அந்தத் துரு ஆர்செனிக்கில் ஒரு பங்கையும் இழுத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. இங்கே அலசும் வடிகட்டிகள் எல்லாமே இந்த வாளியில் நடப்பதன் வளர்ச்சிதான்.

நேபாளத்தின் தெற்குச் சமவெளியான தராயில் பரவிய காஞ்சன் வடிகட்டியில் மணலுக்கு மேலே சுமார் 5 கிலோ இரும்பு ஆணி. ஆணி துருப்பிடிக்கும், துரு ஆர்செனிக்கைப் பிடிக்கும். மலிவு, உள்ளூரிலேயே செய்யலாம். ஆனால் தண்ணீர் ஆணிகளை ஓடிக் கடந்துவிடுகிறது. துருவோடு ஒட்டி உறவாட நேரமில்லை. நிலத்தடி நீரில் இரும்பு குறைந்து பாஸ்பேட் கூடிய இடங்களில் இது சறுக்குகிறது. பாஸ்பேட்டும் ஆர்செனிக்கும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை.

வங்கதேசத்தின் குஷ்டியாவைச் சேர்ந்த வேதியியலாளர் அபுல் ஹுசாமின் சோனோ வடிகட்டி இந்தக் குறையைச் சரிசெய்கிறது. இதில் தண்ணீர் இரும்புக் கலவைப் படுகை ஒன்றுக்குள் மெதுவாக ஊறி இறங்கும். தண்ணீரில் ஆர்செனிக் இரண்டு வடிவில் இருக்கும்: மூன்றிணை (As III), ஐந்திணை (As V). மின்னேற்றமில்லாத மூன்றிணை ஆர்செனிக் சுலபத்தில் பிடிபடாது. இரும்பு துருப்பிடிக்கும்போதே அதில் பெரும்பகுதி ஐந்திணையாக மாறி, பிடிபட்டுவிடுகிறது. 2007இல் 10 லட்சம் டாலர் கிரெய்ங்கர் பரிசு இதற்குக் கிடைத்தது.

காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட் வேறு வழி. 2006இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 12 நானோமீட்டர் துகள்களைத் தண்ணீரில் கலந்து, ஆர்செனிக்கோடு சேர்த்துச் சாதாரணக் காந்தத்தால் வெளியே இழுத்துக் காட்டினார்கள். அழகான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு நுண்ணிய துகளை ஒரே சீராகச் செய்து கிராமத்துக்குக் கொண்டுசேர்ப்பது எளிதல்ல. துகள் பெரிதானால் ஆர்செனிக் ஒட்டும் பரப்பும் போய்விடும்.

பரப்பில் முந்துவது புதுத் துருவான ஃபெரிஹைட்ரைட்: கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கும் மேல். நாளாக ஆக அது கோதைட், ஹெமடைட் போன்ற படிக இரும்பு ஆக்சைடாக இறுகி, பரப்பை இழக்கும். சென்னை ஐஐடியில் பிரதீப் குழு அதைக் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) கூண்டுக்குள் அடைத்து இறுகாமல் வைத்தது, அதுதான் அம்ரித் வடிகட்டி. என் ஓட்டு இதற்குத்தான். கிடைக்காத ஊரில் சோனோ.

ஈயமும் காட்மியமும்தான் பிரச்சினை என்றால் கணக்கு வேறு. தண்ணீரின் காரத்தன்மை கூடக்கூட அவை நன்றாக ஒட்டும். ஐந்திணை ஆர்செனிக் அதற்கு நேர்மாறு.

அப்புறம், ஆர்செனிக் நிறைந்து பயன் தீர்ந்துபோன துருவை என்ன செய்வது? வங்காளத்து நிலத்தடி நீரில் ஆர்செனிக் கலந்ததே எப்படி? காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைக் கரைத்தன. அது பிடித்து வைத்திருந்த ஆர்செனிக் வெளியே வந்தது. வடிகட்டிக் கழிவைக் குளத்துச் சேற்றில் கொட்டினால் அதே கதைதான். எதை வாங்கினாலும் பழைய கழிவை யார் திரும்ப எடுத்துப்போவார்கள் என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.