கேட்டலினா 22: படகு தங்கம், ட்ரெய்லர்தான் வில்லங்கம்

நண்பர் ஒருவருக்குப் பழைய கேட்டலினா 22 பாய்மரப் படகு ஒன்று மலிவாக வருகிறதாம். ஸ்விங் கீல் (படகின் அடியில் ஏற்றி இறக்கக்கூடிய கனமான இரும்புத் தகடு), இழுத்துப்போகும் ட்ரெய்லரோடு. வாங்கலாமா என்று கேட்கிறார். படகைப் புகழ ஆள் இருக்கிறது, 15,000-க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். நான் ட்ரெய்லரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீரிலிருந்து படகை ஏற்றும் சரிவான ராம்ப்பில் ட்ரெய்லர் சரிந்து நிற்கும். மிதக்கிற படகு மட்டமாக நிற்கும். வில்லங்கம் அங்கேதான். ட்ரெய்லரின் முன்னால் பட்டையால் படகை இழுக்கும் வின்ச்சைச் சுற்றி, படகின் மூக்கை அங்கிருக்கும் ரப்பர் முட்டோடு ஒட்ட நிறுத்துவீர்கள். வண்டி மேலே ஏற ஏற, படகின் பின்பக்கம் மெல்ல ட்ரெய்லரின் தாங்குகட்டைகளில் அமரும். மேலே வந்து பார்த்தால் மூக்குக்கும் முட்டுக்கும் நடுவே நாலு விரல் நுழையும். அங்கே வைத்து வின்ச்சைச் சுற்றிப் பயனில்லை. ஒரு டன் படகு, அடியில் ஈரக் கம்பளம்; பட்டைதான் முறுகும்.

நாலு விரல்தானே என்று விடவும் முடியாது. எடை பின்னால் போனால், ட்ரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கியில் பாரம் குறையும். மொத்தத்தில் பத்து சதவீதமாவது அங்கே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலை ஆட்டும்.

வழி இருக்கிறது. பாதி ஏறியதும் நிறுத்தி, திரும்பக் கொஞ்சம் இறக்கி, இன்னொரு முறை வின்ச் போட வேண்டும். ரொம்ப ஆழமாகவும் இறக்கக் கூடாது. படகு கட்டைகளைத் தாண்டி மிதந்து கோணலாக உட்காரும். பின்னால் காத்திருக்கும் மீன்பிடிப் படகுக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். வறட்சியில் டெக்சாஸின் ட்ராவிஸ் ஏரியில் நீர்மட்டம் இறங்கினால் பொது ராம்ப்களை ஒவ்வொன்றாக மூடிவிடுவார்கள்; திறந்திருக்கும் ஒன்றிரண்டில்தான் இத்தனை கூத்தும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சரியாக உட்கார்ந்த பிறகு கீலை மெதுவாக இறக்கினால், 250 கிலோ இரும்பு ட்ரெய்லரின் குறுக்குப் பலகையில் 'தொம்' என்று அமரும். கீலைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி தளரும், சுமை முழுக்கப் பலகைக்குப் போய்விடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கோபமெல்லாம் போய்விடும், பட்டையை இறுக்கும் வரைக்கும்.

வாங்கலாமா? ஏரியிலேயே கட்டிவைக்க இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ட்ரெய்லரில் வைத்து இழுப்பதாக இருந்தால், இன்றைய மனநிலையில், வேண்டாம். பார்க்கப் போனால் பாயைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். ட்ரெய்லரில் மூக்கு அந்த ரப்பர் முட்டோடு தொட்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். தொடவில்லையென்றால் 500 டாலர் குறைத்துக் கேளுங்கள்.