விலையைக் காட்டாத கருவி: ட்ரெசார் ஒன் பற்றி ஒரு மெய்ப்புத் திருத்துநரின் மதிப்புரை

கிரிப்டோ பணத்தின் சாவியைக் காக்கும் ட்ரெசார் ஒன் கருவியின் திரையில் விலை தெரியாது. பிட்காயின் ஏறியதா இறங்கியதா, கையிருப்பின் இன்றைய மதிப்பு என்ன என்பதெல்லாம் அதில் வராது. 60 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு, இரண்டு பொத்தான்கள், ஒரே நிற எழுத்துகள் ஒளிரும் சிறு திரை, அவ்வளவுதான். கணினியோடு கம்பியால் இணைத்தால் உயிர் பெறும், பிடுங்கினால் அணைந்துவிடும். கிரிப்டோ சந்தையில் பணம் போட்ட பிறகு என் மனம் ஓரளவு பக்குவப்பட்டிருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு இந்தக் கருவியைச் சேரும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிராக் நகரத்தின் சடோஷிலேப்ஸ் நிறுவனம் 2014இல் இதை வெளியிட்டது. சாவியைக் கணினிக்கு வெளியே தனிக் கருவியில் வைக்கும் ஹார்டுவேர் வாலட் என்ற வகையே இதிலிருந்துதான் தொடங்கியது. பலர் நினைப்பதுபோல நாணயங்கள் இதற்குள் இருப்பதில்லை. அவை பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் கணக்காக இருக்கின்றன. அவற்றைச் செலவழிக்கும் உரிமையைத் தரும் தனிச்சாவி மட்டுமே கருவிக்குள் இருக்கிறது. பணம் அனுப்பும்போது கருவி உள்ளுக்குள்ளேயே கையெழுத்திட்டு, கையெழுத்தை மட்டும் வெளியே தருகிறது. சாவி கணினிக்குப் போவதே இல்லை.

அதே 2014இன் தொடக்கத்தில்தான் டோக்கியோவிலிருந்து இயங்கிய மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் (வாடிக்கையாளரின் நாணயங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வாங்கல் விற்றல் நடத்தும் இணையச் சந்தை), சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்று கைவிரித்துத் திவாலானது. பிறகு அவற்றில் சுமார் 2,00,000 கிடைத்தன. வாடிக்கையாளர்களுக்கு அவை பிட்காயினாகத் திரும்பத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து ஆண்டுக் காத்திருப்பு! 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் விழுந்தபோதும் உலகம் முழுவதும் மக்கள் அதே நிலையில் நின்றார்கள். இவற்றைப் படித்துவிட்டுத்தான் நான் சாவியை என் கையில் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். அப்போது நான் தேடியது பாதுகாப்பை மட்டும்தான். மனத்துக்கு என்ன நேரும் என்று யோசித்திருக்கவில்லை.

முதலில் நேர்ந்தது அமைதி. கிரிப்டோ சந்தைக்குக் கடை அடைக்கும் நேரம் கிடையாது. பங்குச் சந்தையில் மாலை மணி அடித்தால் வீட்டுக்குப் போகலாம், சனி ஞாயிறு மூச்சு விடலாம். இங்கே நள்ளிரவிலும் விலை ஓடிக்கொண்டே இருக்கிறது. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின் ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே போனது. அத்தகைய சரிவில், எக்ஸ்சேஞ்ச் செயலி கைபேசியில் இருந்தால் விலையும் ‘விற்க’ என்ற பொத்தானும் ஒரே திரையில், ஒரு விரல் தொலைவில் இருக்கின்றன. பயம் வந்த கணத்துக்கும் செயலுக்கும் நடுவே எதுவுமே இல்லை. கருவியில் வைத்திருப்பவருக்கு அப்படியல்ல. அலமாரியைத் திறக்க வேண்டும், கம்பியைத் தேட வேண்டும், பின் எண் போட வேண்டும், எக்ஸ்சேஞ்ச் முகவரியைச் சரிபார்க்க வேண்டும், உறுதி செய்ய வேண்டும், வலைப்பின்னல் ஏற்கும் வரை காத்திருக்க வேண்டும். இத்தனையையும் கடந்த பிறகும் விற்கத் தோன்றினால், அது யோசித்து எடுத்த முடிவாக இருக்க வாய்ப்புண்டு. விற்பது தவறு என்று நான் சொல்லவில்லை. பதறி விற்பதற்கும் தீர்மானித்து விற்பதற்கும் இடையே ஒரு கால் மணி நேரம் வேண்டும், அதை இந்தக் கருவி கட்டாயமாகத் தருகிறது என்கிறேன்.

ட்ரெசார் சூட் என்ற துணைச் செயலியில் தொகைகளை மறைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. கண் போன்ற சின்னத்தை அழுத்தினால் எண்கள் மறைந்துவிடும், சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் தெரியும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காமலிருக்கச் செய்யப்பட்ட வசதி இது. நான் தனியாக இருக்கும்போதும் அதை நிரந்தரமாக இயக்கி வைத்திருக்கிறேன். எத்தனை பிட்காயின் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதன் மதிப்பு இன்று எவ்வளவு என்பது, இன்று விற்கப் போகாத எனக்குத் தேவையற்ற செய்தி. இதை மனதார ஏற்றுக்கொண்ட பிறகு என் தூக்கம் மேம்பட்டது.

பின் எண் போடும் முறையும் நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. எண்களின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறி மாறிக் கருவியின் திரையில் வரும். கணினித் திரையிலோ வெறும் புள்ளிகள். கருவியைப் பார்த்து, கணினியில் அந்த இடத்தை அழுத்த வேண்டும். தவறினால் காத்திருக்க வேண்டிய நேரம் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகும், 16 தவறுகளுக்குப் பிறகு கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அவசரக்காரருக்கு இது எரிச்சல் தரலாம். எனக்கு மிகவும் பிடித்த அம்சங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் நான் உண்மையில் பேச விரும்புவது முகவரிச் சரிபார்ப்பைப் பற்றி. என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. பகல் முழுவதும் அச்சுக்குப் போகும் பக்கங்களை எழுத்து எழுத்தாகப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் இந்தக் கருவியின் அருமையை உடனே உணர்வார். பணம் அனுப்பும்போது, எந்த முகவரிக்கு, எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்பதைக் கருவி தன் சொந்தத் திரையில் காட்டி நிற்கும். நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை அது நகராது. இன்று பரவலாகப் புழங்கும் பிட்காயின் முகவரி 42 எழுத்துகளும் எண்களும் கலந்தது. அதை வடிவமைத்த பீட்டர் வுயில், கிரெக் மேக்ஸ்வெல் இருவரும் வாசிக்கிற கண்ணை மனத்தில் வைத்தே செய்திருக்கிறார்கள். ‘bc1’ என்ற முன்னொட்டுக்குப் பின்வரும் பகுதியில் குழப்பம் தரக்கூடிய நான்கு குறிகளை விலக்கிவிட்டார்கள்: ஒன்று என்ற எண்ணும், ஆங்கிலத்தின் பி (b), ஐ (i), ஓ (o) எழுத்துகளும். நான்கு எழுத்துகள் வரை தவறினால் நிச்சயமாகக் கண்டுபிடித்துவிடும் சரிபார்ப்புக் கணக்கும் முகவரிக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் கண்ணால் பார்க்க வேண்டும்? எழுத்துப் பிழை திருத்தும் மென்பொருள், தவறான இடத்தில் வந்த சரியான சொல்லைப் பிடிக்காது. அதுபோலத்தான் இதுவும். ஒரு தீங்கு மென்பொருள் நீங்கள் நகலெடுத்த முகவரியைத் திருடனின் முகவரியாக மாற்றிவிட்டால், அந்த முகவரியும் இலக்கணப்படி சரியானதுதான். கணக்கு ஒத்துப்போகும். மாற்றத்தைப் பிடிக்கக்கூடியது மனிதக் கண் மட்டுமே. அதிலும் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் பார்த்துத் திருப்தியடைவோரைக் குறிவைத்தே ஒரு மோசடி இருக்கிறது. முனைகள் மட்டும் ஒத்திருக்கும் முகவரியை உருவாக்கி, அதிலிருந்து உங்கள் கணக்குக்கு ஒரு சிறு பரிவர்த்தனையை அனுப்பி வைப்பார்கள். அடுத்த முறை நீங்கள் பழைய பட்டியலிலிருந்து நகலெடுத்தால் முடிந்தது கதை. 2024 மே மாதத்தில் எத்திரியம் என்ற இன்னொரு கிரிப்டோ வலைப்பின்னலில் ஒருவர் இப்படிச் சுமார் 7 கோடி டாலர் மதிப்புள்ள தொகையைத் தவறான முகவரிக்கு அனுப்பினார். அது பிறகு திரும்பி வந்தது என்பது அபூர்வம். நான் நடுவிலுள்ள எழுத்துகளையும் படிக்கிறேன், பின்னிருந்து முன்னாகவும் ஒரு முறை படிக்கிறேன். மெய்ப்பு பார்ப்பவர்களின் பழைய பழக்கம் அது. பின்னிருந்து படித்தால், மனம் எதிர்பார்ப்பதைக் கண் தானாக நிரப்பிக்கொள்ள முடியாது.

கருவி மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள எத்திரியம் திருடப்பட்டது. கையெழுத்திட வேண்டியவர்கள் ஒருவர் அல்லர், பலர். கணினித் திரையில் அவர்களுக்குத் தெரிந்தது வழக்கமான பரிமாற்றம். உண்மையில் அவர்கள் ஒப்புதல் அளித்தது வேறொன்றுக்கு. பிளாக்செயினில் நிரலாக இயங்கும் சிக்கலான ஒப்பந்தங்களில் ஒரு சிறு திரை எல்லாவற்றையும் மனிதர் படிக்கும் மொழியில் காட்டிவிடாது. அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்: திரையில் படித்துப் புரிந்துகொள்ள முடியாத எதற்கும் பொத்தானை அழுத்துவதில்லை. நேரடியான பிட்காயின் பரிமாற்றத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிக வட்டி, புதிய திட்டம் என்று வரும் வாய்ப்புகள் இதனால் கைநழுவும். போகட்டும். இந்த விதி இப்போது கிரிப்டோவைத் தாண்டியும் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. காப்பீட்டுப் படிவமோ வேலை ஒப்பந்தமோ, “இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்று யாராவது நீட்டினால், “படித்துவிட்டு நாளை தருகிறேன்” என்று தயக்கமில்லாமல் சொல்ல வருகிறது. முன்பு அப்படிச் சொல்வதை மரியாதைக் குறைவு என்று எண்ணிக் கூச்சப்படுவேன்.

அடுத்தது மீட்புச் சொற்கள். முதன்முறை இயக்கும்போது கருவி 24 சொற்களைக் காட்டும், அவற்றைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து அவை வருகின்றன. 2013இல் வந்த பிஐபி-39 என்ற அந்த முறையை எழுதியவர்களில் ட்ரெசாரை உருவாக்கிய மாரெக் பலாட்டினுஸும் பாவொல் ருஸ்னாக்கும் உண்டு. பட்டியலில் முதல் நான்கு எழுத்துகளே ஒவ்வொரு சொல்லையும் தனித்துக் காட்டிவிடும். தமிழுக்கு அதிகாரப்பூர்வப் பட்டியல் இல்லை, ஆகவே ஆங்கிலச் சொற்களைத்தான் எழுத வேண்டும். என் தங்கைக்கு இதையெல்லாம் விளக்கியபோது, “இது உடைந்துவிட்டால் பணம் போய்விடுமா, அக்கா?” என்று கேட்டாள். போகாது. இதே முறையை ஏற்கும் வேறொரு நிறுவனத்தின் கருவியிலும் அந்தச் சொற்களை உள்ளிட்டால் எல்லாம் திரும்பி வரும். “தாள் தொலைந்தால்?” என்பது அவளுடைய அடுத்த கேள்வி. கருவியும் தாளும் இரண்டும் போனால், உலகத்தில் யாரிடமும் முறையிட முடியாது. வாடிக்கையாளர் சேவை எண் இல்லை, மேலாளர் இல்லை, நீதிமன்றமும் உதவாது.

இந்த உண்மையோடு வாழப் பழகுவதுதான் கிரிப்டோ கற்றுத் தரும் மிகக் கடினமான பாடம் என்று நினைக்கிறேன். பழி போட ஆளில்லாத இடத்தில் மனிதர் கவனமாகிறார். தாளை இரண்டு பிரதிகளாக்கி வெவ்வேறு இடங்களில் வைத்தேன். நான் இல்லாத காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தங்கைக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதினேன். சொற்கள் எங்கே இருக்கின்றன என்பது மட்டும் அதில் உண்டு, சொற்கள் இல்லை. என் மரணத்தை நினைத்து நான் செய்த முதல் ஏற்பாடு அதுதான். எழுதிய பிறகு வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாவற்றுக்கும் வாரிசு நியமனத்தைச் சரிபார்த்து முடித்தேன்.

இனி குறைகள். ட்ரெசார் ஒன்னில் தனிப் பாதுகாப்புச் சில்லு கிடையாது. கருவி திருடன் கையில் கிடைத்தால், சில உபகரணங்களைக் கொண்டு சுமார் 15 நிமிடங்களில் உள்ளிருக்கும் ரகசியத்தை எடுத்துவிட முடியும் என்று கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவான கிராக்கன் செக்யூரிட்டி லேப்ஸ் 2020 ஜனவரியில் காட்டியது. இதற்கு மாற்று பாஸ்ஃபிரேஸ்: 24 சொற்களோடு நீங்களே சேர்த்துக்கொள்ளும் இன்னொரு தொடர். அது கருவியில் பதிவாவதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. தவறான பாஸ்ஃபிரேஸ் போட்டால் ‘தவறு’ என்ற செய்தி வராது. வேறொரு வெற்றுக் கணக்கு திறக்கும். ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் அப்படித்தான். ஆகவே அதையும் எழுதி, சொற்களிலிருந்து விலக்கி வையுங்கள். மற்றபடி கார்டானோ, எக்ஸ்ஆர்பி, மொனேரோ போன்ற நாணயங்களை இந்த மாடல் ஏற்காது. பல நாணயங்கள் வைத்திருப்போருக்கு இது உதவாது. புதிதாக வாங்குவோர் 2023இல் வந்த ட்ரெசார் சேஃப் 3ஐப் பார்ப்பது நல்லது, அதில் பாதுகாப்புச் சில்லும் இருக்கிறது. எதை வாங்கினாலும் நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாங்குங்கள். பயன்படுத்திய கருவி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கருவி திருட்டிலிருந்து காக்கும், தவறான முதலீட்டிலிருந்து காக்காது. 2022 மே மாதத்தில் லூனா என்ற நாணயம் ஒரே வாரத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போனபோது, அதை எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தவரும் தனிச்சாவியோடு பூட்டி வைத்திருந்தவரும் ஒரே அளவில்தான் இழந்தார்கள். இழந்தாலும் வாழ்க்கை தடம் புரளாத தொகையை மட்டுமே இந்தச் சந்தையில் போட வேண்டும் என்பதில் எனக்கு இம்மியளவும் சந்தேகமில்லை. அடிக்கடி வாங்கி விற்போருக்கு இது வெறும் தொல்லை. மிகச் சிறு தொகையோடு சந்தையை அறிந்துகொள்ள வந்தவருக்கும் இப்போதைக்குத் தேவையில்லை. பல ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணமுள்ளவருக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

வாங்கினால், முதலில் ஒரு சிறு தொகையை மட்டும் அனுப்புங்கள். பிறகு கருவியை நீங்களே முழுவதும் அழித்துவிட்டு, தாளில் எழுதிய சொற்களைக் கொண்டு மீட்டெடுங்கள். மீட்பின்போது கருவி சொற்களை வரிசை மாற்றிக் கேட்கும். கணினியில் ஒட்டுக் கேட்பவருக்கு உண்மையான வரிசை தெரியாமலிருக்க அந்த ஏற்பாடு, பதறாதீர்கள். அந்தச் சிறு தொகை மீண்டும் திரையில் தெரிந்த பிறகு மீதியை அனுப்பலாம்.