78,000 கி.மீ. ஓடிய வி-ஸ்ட்ராம் 650: சின்ன வண்டியிலிருந்து வந்தவனின் ரிவ்யூ

ஒன்பது வருஷம் 150 சிசி வண்டிதான் ஓட்டினேன். ஒரே நாளில் 500 கிலோமீட்டர்கூடப் போயிருக்கிறேன், ஆனால் அப்படிப் போய் இறங்கினால் கை மரத்துப்போய் ஹெல்மெட் கொக்கியைக் கழற்றவே ஐந்து நிமிஷம் ஆகும். எதிர்க்காற்று பலமாக அடித்தால் வண்டிக்கு மூச்சு வாங்கும், ஒரு லாரியை முந்துவதற்கு முன் மனக்கணக்கு போட வேண்டும். சரி, பெரிய டூரிங் வண்டி ஒன்று வாங்கிவிடலாம், புதிது கட்டுப்படியாகாது, பழையதில் பார்ப்போம் என்று இறங்கினேன். இப்போது கையில் இருப்பது 2012 மாடல் சுசுகி வி-ஸ்ட்ராம் 650. எட்டு மாதத்தில் 9,000 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. ஆனால் முதலில் நான் வாங்காமல் விட்ட வண்டியைப் பற்றிச் சொல்கிறேன், நான் கற்றுக்கொண்டதில் பாதி அங்கேதான்.

அது 1300 சிசி, நான்கு சிலிண்டர், ஷாஃப்ட் டிரைவ், அதாவது செயினுக்குப் பதில் ஒரு தண்டு பின் சக்கரத்தைச் சுற்றும். பெயர் வேண்டாம், தப்பு வண்டி மேல் இல்லை. பதினோரு வருஷத்தில் வெறும் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். போய்ப் பார்த்தால் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன், 0913 என்று நான்கு இலக்கம். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம்: 2013இன் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயவே இல்லை, ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் கல் மாதிரி இருக்கிறது, பள்ளங்களுக்குள் மயிரிழை வெடிப்புகள். பிரேக் ஆயில் டப்பாவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெளிவாக இருக்க வேண்டிய ஆயில் பழைய தேன் நிறத்தில் கருத்துக் கிடக்கிறது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன், ஓரத்தில் செம்மண் பூசியது போலத் துரு. எல்லாவற்றுக்கும் மேலே, நான் வருவதற்கு முன்பே விற்பவர் இன்ஜினைச் சூடு பண்ணி வைத்திருந்தார். கை வைத்ததும் தெரிந்துவிட்டது. "நீங்க வர்றீங்கன்னு இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன் தம்பி" என்றார். குளிர்ந்த இன்ஜின் எப்படி எழுந்திருக்கிறது, எந்தச் சத்தம் போடுகிறது, எந்த நிறத்தில் புகை விடுகிறது என்று பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போனது!

இவ்வளவுக்கும் பிறகும் மனசு அதை விடவில்லை என்பதுதான் உண்மை. டயர் மாத்திக்கலாம், ஆயில் மாத்திக்கலாம் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தேன். கடைசியில் தீர்ப்பு சொன்னது அவர் வீட்டு வாசல்தான். லேசாகச் சரிந்த தளம், வண்டி சுவரைப் பார்த்து நிற்கிறது. ஏறி உட்கார்ந்து, 150இல் செய்கிற மாதிரி இரண்டு காலையும் உந்திப் பின்னால் தள்ளினேன். அசையவில்லை. இன்னொரு தடவை உந்தினேன், தொடை நடுங்கியது. அவரும் நானும் சேர்ந்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தோம். என் பழைய வண்டி 140 கிலோ சொச்சம், இது அதைப் போல இரண்டு மடங்கு. யமஹா எஃப்ஜேஆர் 1300 பெட்ரோலோடு 290 கிலோ அளவில் வரும், ஹோண்டா எஸ்டி 1300 இன்னும் கூட, 320ஐத் தாண்டும். ஓடும்போது இந்த எடை காணாமல் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள், நிஜம்தான். ஆனால் தினமும் வண்டியை நிறுத்தி எடுப்பது நாம்தானே. டூரில் தனியாகச் சரளைக்கல் மேல் சைட் ஸ்டாண்ட் போடும்போது அந்த 320 கிலோவும் திரும்பி வந்து நிற்கும்.

அதற்கப்புறம்தான் 650 பக்கம் வந்தேன். 2012 வி-ஸ்ட்ராமுக்கு 645 சிசி, 90 டிகிரி வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்), 69 குதிரைத்திறன், 20 லிட்டர் டேங்க், எல்லாம் சேர்த்து 214 கிலோ. எனக்குக் கிடைத்த வண்டி 78,000 ஓடியது. வீட்டில் சொன்னபோது "அவ்வளவு ஓடினதையா வாங்கப் போறே?" என்றுதான் கேட்டார்கள், எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

விற்றவர் ஓய்வு பெற்ற மனிதர். "நான் ஸ்டார்ட் பண்ணல தம்பி, தொட்டுப் பாத்துக்கோ" என்று அவரே ஆரம்பித்தார். இன்ஜின் சில்லென்று இருந்தது. பட்டனைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது, புகை இல்லை. சீட்டுக்கடியில் இருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார், ஆயில் மாற்றிய தேதி, மீட்டர் எண், போட்ட பிரேக் பேட் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. இந்த இன்ஜினுக்கு 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். நோட்டில் 24,000, 48,000, 72,000 மூன்றும் இருந்தன, நடுவில் ஒரு வால்வுக்கு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடு) மாற்றியதுகூட. அந்த மூன்று வரிகளைப் பார்த்த பிறகு மீட்டர் மேல் இருந்த பயம் போய்விட்டது.

ஆனாலும் நோட்டை மட்டும் நம்பி வாங்கவில்லை. பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்: நல்ல செயின் பல்லை விட்டு நகராது, பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செட்டையே மாற்ற வேண்டியதுதான். பாட்டரியில் மீட்டர் வைத்ததில் நிறுத்தியிருந்தபோது 12.7 வோல்ட், 5,000 ஆர்பிஎம்மில் 14.2. பதிமூன்றுக்குக் கீழேயே நின்றுவிட்டால் பாட்டரியைச் சார்ஜ் செய்கிற ஸ்டேட்டர் அல்லது ரெகுலேட்டர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், டூரிங் வண்டியில் அது நடுவழியில் நிறுத்திவிடும். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று பொறித்திருக்கும், அதை வெர்னியர் வைத்துச் சரிபார்த்தேன். ஹேண்டில் முழுதாகத் திரும்பி முட்டுகிற இடத்தில் பெயின்ட் சிதைந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம், பலமாக விழுந்த வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். கிராஷ் கார்டில் கீறல் இருந்தது, அதைப் பற்றிக் கவலை இல்லை, நின்ற நிலையில் ஒருமுறையாவது விழாத டூரிங் வண்டி எங்கே இருக்கிறது. சேசிஸ் நம்பரின் 17 எழுத்தையும் காகிதத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன், இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கினேன்.

ஒரு குறை சிக்கியது. முன் சக்கரத்தைத் தூக்கிவைத்து ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பினால், நேராக வருகிற இடத்தில் மட்டும் ஏதோ பள்ளத்தில் விழுந்தது போல லேசாகச் சிக்கி நின்றது. கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், தேய்ந்திருக்கிறது. அவருக்கு அது தெரியாது, காட்டியதும் முகம் கொஞ்சம் வாடியது, பேரம் பேசாமலே விலையில் குறைத்துக்கொண்டார்.

இனி ஓட்டுவதைப் பற்றி. முதல் நூறு கிலோமீட்டரில் நான் திரும்பத் திரும்பச் செய்த தவறு கியரைக் குறைப்பது. 150இல் முந்த வேண்டுமென்றால் கை கால் எல்லாம் வேலை செய்ய வேண்டும், இதில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆறாவது கியரிலேயே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், முந்தியாகிவிட்டது. ஆனால் ஆறாவது கியரில் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கினால் செயின் தடதடக்கும், சிங்கிள் சிலிண்டர் பழக்கத்தில் சீக்கிரம் சீக்கிரம் மேல் கியர் போடுகிறவர்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆக்சிலேட்டரைச் சடாரென்று விட்டால் இன்ஜின் பிடிப்பில் வண்டி தலையைக் குனிகிறது, வளைவுக்கு நடுவில் அதைச் செய்யாதீர்கள். முன் சக்கரம் 19 அங்குலம் என்பதால் நெரிசலில் திரும்ப ஒரு கணம் யோசிக்கிறது, அதே சக்கரம் மோசமான ரோட்டில் குழிகளை மதிக்காமல் போகிறது. ஏபிஎஸ் உண்டு, அதை அணைத்துவைக்க முடியாது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) வேண்டுமென்றால் 2017 மாடலுக்குப் போக வேண்டும். பெட்ரோல் லிட்டருக்கு 21, 22 வரை தருகிறது, ஆக ஒரு டேங்கில் 400 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம், வண்டி தாங்குகிறது, இடுப்புதான் தாங்கவில்லை.

சீட் உயரம் 835 மில்லிமீட்டர். என் உயரம் ஐந்தடி ஏழு, இரண்டு காலின் முன்பாதம் மட்டும் தரையில் படும். முதல் வாரம் ஒவ்வொரு சிக்னலும் ஒரு பரீட்சை, அப்புறம் ஒரு காலை முழுதாக ஊன்றி மறு கால் பிரேக்கில் இருக்கப் பழகிவிட்டது. ஐந்தடி நான்குக்குக் கீழே இருப்பவர்கள் உட்கார்ந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

முன்னால் காற்றைத் தடுக்கிற விண்ட்ஸ்கிரீன் கண்ணாடிதான் எனக்கு ஒத்துவரவில்லை, இந்த வண்டியைப் பற்றிப் பொதுவாகவே சொல்லப்படுகிற புகார் அது. காற்றை மார்பிலிருந்து எடுத்துவிடுகிறது, எடுத்ததைக் கொண்டுவந்து ஹெல்மெட் மேல் சுழற்றிக் கொட்டுகிறது, 110இல் தலை ஆடிக்கொண்டே இருக்கும். மூன்று உயரத்தில் மாற்றிப் பொருத்தலாம், அதற்கு ஸ்பானர் வேண்டும். உயர்த்தினேன், சத்தம் கூடியது. தாழ்த்தினேன், ஆச்சரியமாகக் குறைந்தது. உடைந்து சுழலும் காற்றைவிட நேராக அடிக்கிற காற்று எவ்வளவோ மேல். அப்படியும் இயர்பிளக் இல்லாமல் நான் ஹைவேயில் ஏறுவதில்லை.

இன்னொன்று, இது முழுக்க என் முட்டாள்தனம். கூடவே வந்த அலுமினியப் பெட்டிகள் ஹேண்டிலைவிட அகலம். சின்ன வண்டியில் ஹேண்டில் நுழைந்தால் வண்டி நுழைந்துவிடும், அந்த நினைப்பில் மூன்றாவது நாளே கேட் தூணில் இடதுபக்கப் பெட்டியைச் சொருகி வண்டியோடு சாய்ந்தேன். கிராஷ் கார்டில் புதுக் கீறல் என்னுடையது.

யாருக்கு இது சரிவராது என்றால், பின்னால் ஆளையும் மூன்று பெட்டியையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க 140இல் போக நினைப்பவர்களுக்கு. அவர்கள் அந்த 1300களையே பார்க்கட்டும், நிறுத்த சமதளமான இடம் இருந்தால். ஷாஃப்ட் டிரைவ் கேட்பவர்களுக்கும் ஏமாற்றம்தான், 600, 700 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும் வேலை எனக்கு இன்னமும் இருக்கிறது, சென்டர் ஸ்டாண்டும் தனியாக வாங்கிப் போட வேண்டியிருந்தது.

கோன் செட் மாற்றியாகிவிட்டது, அதை நோட்டில் என் கையெழுத்தில் எழுதியும் ஆகிவிட்டது. மீட்டர் 87,000. வால்வு பார்க்க 96,000 வரை நேரம் இருக்கிறது, அதற்குள் வேறு உயரத்தில் ஒரு கண்ணாடி தேட வேண்டும்.