அற்றோணித் தத்துவத்தின் போட்டோக்கொப்பியை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் 20 பேர்ச் காணி ஒன்றுக்கு 15 இலட்சம் ரூபா முற்பணம் கொடுத்த குடும்பம் ஒன்று இன்றைக்குக் காணியும் இல்லாமல் காசும் இல்லாமல் நிற்கிறது. காணிக்காரி வெளிநாட்டில் இருக்கிறார். காணியைக் காட்டினவர், விலை பேசினவர், காசை எண்ணி வாங்கினவர் எல்லாம் ஒரே ஆள்தான். காணிக்காரியின் சித்தி மகன். "அக்கா எனக்கு அற்றோணி எழுதித் தந்திருக்கிறா, எல்லாம் நான்தான்" என்று சொன்னவர். அற்றோணித் தத்துவம் என்பது தன் சார்பில் செயற்பட ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் (power of attorney). சுருக்கமாகத் தத்துவம் என்போம், அதைப் பெற்றவர் தத்துவக்காரர். விவகாரம் இன்னும் முடியவில்லை என்பதால் பெயர்களைப் போடவில்லை. உப்புவெளி, அலஸ்தோட்டம், குச்சவெளி, இறக்கக்கண்டி என்று கடற்கரையோரம் காணி தேடுகிறவர்களும், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்க்காணியைச் சொந்தக்காரர் கையில் விட்டிருக்கிறவர்களும் இதைக் கவனமாகப் படியுங்கள்.

அவர் காட்டிய பத்திரம் போலி இல்லை. அதுதான் இதில் கவனிக்கவேண்டிய இடம். தூதரக முத்திரை உண்மையானது, கையெழுத்தும் காணிக்காரியுடையதுதான். காட்டியது போட்டோக்கொப்பி, அதுவும் முதலாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் மட்டும். முதலாம் பக்கத்தில் பெயர்கள், மூன்றாம் பக்கத்தில் கையெழுத்தும் முத்திரையும். நடுப்பக்கம் "கொப்பிக் கடையில் விடுபட்டுப் போச்சு, பிறகு தாறன்" என்றாராம். பின்னர் பதிவேட்டிலிருந்து முழுப் பிரதியை எடுத்தபோது அந்த நடுப்பக்கத்தில் ஐந்து வாசகங்கள் இருந்தன: காணியைத் துப்புரவாக்கிப் பராமரிக்க, வேலி அடைக்க, ஒரு வருடத்துக்கு மேற்படாமல் குத்தகைக்கு விட்டு அந்தக் காசை அறவிட, சோலைவரி கட்ட, தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் தோன்ற. "விற்க" என்ற சொல் எங்குமே இல்லை.

அற்றோணித் தத்துவத்தை நீதிமன்றம் இறுக்கமாகத்தான் வாசிக்கும். பராமரிக்கிற அதிகாரத்துக்குள் விற்கிற அதிகாரம் அடங்காது. விற்கிற அதிகாரத்துக்குள் ஈடு வைக்கிற அதிகாரமோ நன்கொடையாகக் கொடுக்கிற அதிகாரமோ அடங்காது. கடைசியில் "இவை தொடர்பான ஏனைய எல்லாக் கருமங்களையும் செய்ய" என்று ஒரு பொதுவாசகம் வரும். அது மேலே சொன்ன வேலைகளை முடிக்கத் தேவையான சில்லறைக் கருமங்களுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு புதிதாக ஓர் அதிகாரத்தை உண்டாக்க முடியாது.

இனி, காசுக்கு யார் பொறுப்பு என்பதைப் பார்ப்போம். இலங்கையில் 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டம், அதிகாரம் கொடுத்தவருக்கும் அவருக்காகச் செயற்படும் முகவருக்கும் (தத்துவக்காரரும் ஒரு முகவர்தான்) இடையிலான விடயங்களில் இங்கிலாந்துச் சட்டமே செல்லும் என்று 3 ஆம் பிரிவில் சொல்கிறது. காணியின் உரிமை மாற்றத்துக்கு மட்டும் அது பொருந்தாது, அங்கே எங்கள் நாட்டுச் சட்டம்தான். ஆகவே ஒரே கொடுக்கல் வாங்கலில் இரண்டு கேள்விகள் எழும்: காணி கைமாறியதா, காசுக்கு யார் பதில் சொல்வது. பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்துச் சட்டத்தின்படி, முகவர் செய்ததற்கு அதிகாரம் கொடுத்தவர் கட்டுப்படும் வழிகள் சிலதான். உண்மையில் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கவேண்டும். அல்லது தன் சொல்லாலோ நடத்தையாலோ "இவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது" என்று உங்களை நம்பவைத்திருக்கவேண்டும். அல்லது நடந்த பிறகு தெரிந்துகொண்டே அதை ஏற்றிருக்கவேண்டும். இரண்டாவது வழியில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். நம்பவைத்தது அதிகாரம் கொடுத்தவராக இருக்கவேண்டும். முகவர் தன்னுடைய அதிகாரத்தைப் பற்றித் தானே சொல்வது கணக்கில் வராது, நூறு முறை சொன்னாலும் வராது.

இதே ஆளிடம் இன்னொருவரும் பக்கத்துத் துண்டுக்கு 5 இலட்சம் கொடுத்திருந்தார். அவருடைய கைபேசியில் காணிக்காரியே அனுப்பிய வட்ஸ்அப் குரல்பதிவு ஒன்று இருக்கிறது: "காசு விஷயமும் தம்பியோடயே கதையுங்கோ, அவர்ட்டக் குடுத்தா எனக்குக் குடுத்த மாதிரித்தான்." இருபது வினாடிகூட இல்லை. ஆனால் 15 இலட்சம் கொடுத்த குடும்பத்துக்கு இல்லாத பிடி இவருக்கு இருக்கிறது. காணிக்காரியின் வாயாலேயே வந்த சொல் என்பதால், தம்பி காசைத் தின்றுவிட்டான் என்று சொல்லிக் காணிக்காரி இலகுவில் கைகழுவ முடியாது. இப்படியான பதிவுகளை ஒருபோதும் அழிக்காதீர்கள். கைபேசியை மாற்றுகிறபோது முதலில் அதைப் பாதுகாப்பாக வேறோர் இடத்தில் சேமியுங்கள்.

நிறுவனங்களின் விடயம் கொஞ்சம் வேறு. 1912 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த லொயிட் எதிர் கிரேஸ் ஸ்மித் வழக்கில், விதவைப் பெண் ஒருவர் தன்னுடைய இரண்டு சிறு வீடுகள் பற்றி ஆலோசனை கேட்கச் சட்டத்தரணி நிறுவனம் ஒன்றுக்குப் போனார். அங்கிருந்த முகாமை எழுதுவினைஞர் அவரிடம் கையெழுத்து வாங்கி வீடுகளைத் தன் பெயருக்கே மாற்றிக்கொண்டார். நிறுவனத்துக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை, உரிமையாளருக்கு விடயமே தெரியாது. ஆனாலும் நிறுவனம்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. அந்தக் கதிரையில், அந்த வேலைக்கென்று அவரை இருத்தியது நிறுவனம். லீசிங் கொம்பனி, காப்புறுதி, காணி விற்கிற கொம்பனி எதிலும் இதே நியாயம்தான். அலுவலகத்துக்குள், கவுண்டரில், அச்சிட்ட பற்றுச்சீட்டுக்குக் கொடுத்த காசுக்குக் கொம்பனி பதில் சொல்லியே ஆகவேண்டும். அதே ஊழியரிடம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வைத்து, கொப்பித்தாளில் எழுதிய துண்டுக்குக் கொடுத்தால் அந்தக் காசைக் கேட்பது பெரும்பாடு.

15 இலட்சத்துக்கு அந்தக் குடும்பத்திடம் இருப்பதும் ஒரு கொப்பித்தாள்தான். முத்திரை ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. இரண்டு சாட்சிகளும் உண்டு. முத்திரை ஒட்டினால் சட்டப்படி ஆகிவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பிழை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் 2 ஆம் பிரிவின்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில், பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்தாகவேண்டும். இல்லாவிட்டால் "எனக்குக் காணியை எழுதித் தா" என்று வழக்காட முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு அந்தத் தாள் சான்றாக உதவும், அவ்வளவுதான். ஆகவே முற்பணம் கொடுப்பதென்றால் நொத்தாரிசிடம் விற்பனை உடன்படிக்கை எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிவுசெய்த பிறகு கொடுங்கள். பதியாத பத்திரம், அதே காணிக்குப் பெறுமதி கொடுத்துப் பிறகு வாங்கி முதலில் பதிந்தவருக்கு முன்னால் நிற்காது. அவர் மோசடியாகவோ கூட்டுச்சேர்ந்தோ செய்தார் என்று காட்டினால்தான் தப்பலாம், காட்டுவது இலேசில்லை.

வாங்கப்போகிறவர் செய்யவேண்டியதைச் சொல்கிறோம். தத்துவத்தின் பதிவு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்கி, உறுதிப்படுத்திய பிரதியை நீங்களே எடுங்கள். தத்துவக்காரர் கொண்டுவந்து தருகிற பிரதி வேண்டாம். எல்லாப் பக்கமும் இருக்கிறதா, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். "விற்க", "பெறுமதியைப் பெற்றுக்கொள்ள", "உறுதியில் கையெழுத்திட" என்ற மூன்று அதிகாரங்களும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கவேண்டும். விற்க அதிகாரம் கொடுத்துவிட்டு, காசு வாங்கும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்திருக்கும் பத்திரங்களும் இருக்கின்றன. அப்படியான பத்திரத்தில் தத்துவக்காரர் கையில் காசு கொடுப்பது ஆபத்து. அட்டவணையில் உள்ள நில அளவைப் படத்தின் இலக்கம், துண்டு இலக்கம், விஸ்தீரணம், நான்கு எல்லைகள் எல்லாம் மூல உறுதியோடு பொருந்தவேண்டும். உறுதியில் தகப்பன் பெயரோடும் கடவுச்சீட்டில் கணவன் பெயரோடும் இருக்கும் பெண்கள் பலர். அடையாள அட்டை இலக்கமும் பழைய 9 இலக்கமும் எழுத்தும் ஓரிடத்தில், புதிய 12 இலக்கம் இன்னோரிடத்தில் என்று இருக்கலாம். இரண்டும் ஒரே ஆள் என்று பத்திரத்திலேயே சொல்லியிருக்கவேண்டும்.

அடுத்தது, அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? கேட்கச் சங்கடமான கேள்விதான், கேட்டே ஆகவேண்டும். அவர் இறந்த கணமே தத்துவமும் முடிந்துவிடும். அதன்பிறகு தத்துவக்காரர் வைக்கும் கையெழுத்தால் காணி கைமாறாது, காணி வாரிசுகளுக்குப் போய்விட்டது. வீடியோ அழைப்பில் காணிக்காரரோடு நேரே பேசுங்கள், கடவுச்சீட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அவருடைய இலக்கத்தைத் தத்துவக்காரரிடம் வாங்காமல், ஊரில் உள்ள வேறு உறவினர் வழியாகத் தேடி எடுங்கள். விலையைச் சொல்லி, "இந்த விலைக்கு விற்கச் சம்மதமா, காசை எந்தக் கணக்குக்குப் போட?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். காசைக் காணிக்காரரின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே, கோடிட்ட காசோலையால் கொடுங்கள். இதற்குத் தத்துவக்காரர் கோபப்பட்டால் அந்தக் கோபமே உங்களுக்குப் போதுமான தகவல்.

காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியின் பத்திரங்கள் பதியப்பட்டிருக்கும் ஏடு) பார்க்காமல் எதையும் தொடவேண்டாம். அண்மையில் தத்துவக்காரர் கையெழுத்தில் மனைவிக்கோ மகனுக்கோ ஒரு உறுதி, சில மாதத்தில் அவர்களிடமிருந்து வேறொருவருக்கு இன்னொன்று என்று பதிவு இருந்தால் அப்படியே திரும்பி வாருங்கள். முகவர் தன்னுடைய நிலையைப் பயன்படுத்தித் தனக்கு அடையும் இலாபத்தை அதிகாரம் கொடுத்தவருக்காகவே வைத்திருக்கவேண்டும் என்று 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் 90 ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வழக்கு வந்தால் நீங்களும் எதிராளியாக இழுபடுவீர்கள். அனுமதிப்பத்திரக் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால் கதையே வேறு. பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் உரிமைக்காரரே விற்க முடியாத காணியை அவருடைய தத்துவக்காரர் எப்படி விற்பது?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. பொதுத் தத்துவம் எழுதவேண்டாம். எந்தக் காணி, என்ன வேலை என்று குறித்து விசேட தத்துவம் எழுதுங்கள். விற்கத்தான் என்றால் ஆகக்குறைந்த விலை, காசு போகவேண்டிய கணக்கு, முடிவுத் திகதி மூன்றையும் பத்திரத்துக்குள்ளேயே போடுங்கள். தனக்கோ தன் மனைவி பிள்ளைகளுக்கோ விற்கக்கூடாது, இன்னொருவருக்கு அதிகாரத்தைக் கைமாற்றக்கூடாது என்றும் எழுதுங்கள். பத்திரத்துக்குள் இருக்கும் தடை மற்றவர்களையும் கட்டும். தம்பியிடம் தொலைபேசியில் தனியே சொன்ன தடை தம்பியை மட்டுமே கட்டும். அவர் அதை மீறினால், விடயம் தெரியாமல் வாங்கியவரிடம் உங்கள் சொல் எடுபடாது.

இரத்துச் செய்வதிலும் பலர் பிழைவிடுகிறார்கள். மூலப்பத்திரத்தைத் திருப்பி வாங்கினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியாது. 1857 இல் சமர்ஸ் எதிர் சொலமன் என்ற வழக்கில், நகைக்கடை முகாமையாளர் ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகும் பழைய முதலாளியின் பெயரில் நகை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முன்பெல்லாம் அவர் எடுத்ததற்கு முதலாளி காசு கட்டிவந்தவர், விலகியதை வியாபாரிக்கு அறிவிக்கவில்லை. முதலாளிதான் கட்டவேண்டும் என்று தீர்ப்பு. ஆகவே நொத்தாரிசு முன் இரத்துப் பத்திரம் முடித்து, தத்துவம் பதிந்த அதே பதிவேட்டில் அதையும் பதியுங்கள். தத்துவக்காரருக்குப் பதிவுத்தபால் அனுப்புங்கள், தமிழ்ப் பத்திரிகையில் அறிவித்தல் போடுங்கள். அவரோடு ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் வைத்த வங்கி, குத்தகைக்காரர், நொத்தாரிசு எல்லோருக்கும் தனித்தனிக் கடிதம் போகவேண்டும். கிராம அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். சந்தேகம் இருந்தால் காணிப் பதிவகத்தில் கேவியட் போடலாம். அந்தக் காணி மீது யாராவது பத்திரம் பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும்.

ஏற்கெனவே காசு போய்விட்டது என்றால், முதலில் காணிக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள்: இந்தத் திகதியில் இவ்வளவு காசு உங்கள் பெயரில் வாங்கப்பட்டது, உங்களுக்குத் தெரியுமா, காசு உங்களுக்கு வந்ததா? வந்ததென்றால், தெரிந்துகொண்டும் திருப்பித்தராமல் வைத்திருந்தால், அவர் ஏற்றுக்கொண்டார் என்று வாதாடலாம். "நான் அந்த அதிகாரம் கொடுக்கவே இல்லை" என்று எழுதினால் அந்தக் கடிதமும் உங்களுக்குத் தேவை. இல்லாத அதிகாரத்தை இருக்கிறது என்று சொல்லி உங்களோடு கொடுக்கல் வாங்கல் செய்தவர், தானே நம்பிச் சொல்லியிருந்தாலும், நட்டத்தைத் தானே கட்டவேண்டும் என்பது 1857 இன் கொலன் எதிர் ரைட் வழக்கிலிருந்து வரும் விதி.

பொலிஸில் "காணிப் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்கோ" என்று சொல்லக்கூடும். முறைப்பாட்டைக் காணியைப் பற்றி எழுதாமல் ஏமாற்றிக் காசு வாங்கியது பற்றி எழுதுங்கள்: தண்டனைச் சட்டக்கோவையின் 398 ஆம் பிரிவில் வரையறுத்த வஞ்சித்தல். காணிக்காரர் முறையிடுவதென்றால் 388 ஆம் பிரிவின் குற்றவியல் நம்பிக்கை மோசடியும் சேரும். நடுப்பக்கம் இல்லாமல் காட்டிய அந்தப் போட்டோக்கொப்பியை எறியாமல் முறைப்பாட்டோடு கொடுங்கள். ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நாட்களைத் தள்ளிப்போடாதீர்கள். எழுத்தில் உள்ள ஒப்பந்தம் என்றால் 6 வருடம், எழுத்தில் இல்லாதது என்றால் 3, தவறிழைத்ததற்கான நட்டஈடு என்றால் 2 வருடம்தான் வழக்குப் போட அவகாசம். "அடுத்த தைக்குள்ள தாறன்" என்று தவணை சொல்லிச் சொல்லியே இந்தக் காலத்தை ஓட்டிவிடுவார்கள். காணி மீதே வழக்குப் போட்டால், போட்ட கையோடு லிஸ் பென்டென்ஸை (காணி மீது வழக்கு நடக்கிறது என்ற அறிவித்தலை) காணிப் பதிவகத்தில் பதியச் சொல்லிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பதிந்த பக்கத்தின் பிரதியை எடுத்துக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.