லண்டன் பூங்காக்கள்: கியூ கார்டனுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க

போன வருஷம் மாமாவும் அத்தையும் ஒரு டூர் பேக்கேஜ்ல ஐரோப்பா வந்தாங்க. லண்டனுக்கு ஒன்றரை நாள். ஹைட் பார்க் பாத்தீங்களான்னு கேட்டா "பஸ் ஜன்னல் வழியா காட்டினாங்க"ன்னு சொன்னாங்க. எனக்கு மனசே ஆறல. அதனால இந்த ஜூன்ல அம்மா நாகர்கோவில்ல இருந்து வந்தப்ப, மத்த எதைப் பாக்காட்டியும் பரவால்ல, பூங்காக்களை மட்டும் அவசரமில்லாம உக்காந்து பாத்துட்டு வரணும்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல கியூ கார்டன்ஸ்ங்கற தாவரவியல் பூங்கா, ஏன்னா சொல்றதுக்கு நிறைய இருக்கறது அங்கதான். டிஸ்ட்ரிக்ட் லைன்ல ரிச்மண்ட் போற ட்ரெயின் ஏறி கியூ கார்டன்ஸ் ஸ்டேஷன்ல இறங்குங்க, அங்கிருந்து விக்டோரியா கேட் அஞ்சு நிமிஷ நடை. டிக்கெட் விலை கொஞ்சம் ஜாஸ்திதான், ஆன்லைன்ல முன்னாடியே எடுத்தா குறையும். 300 ஏக்கருக்கு மேல இருக்கு, முட்டி வலி இருக்கறவங்களைக் கூட்டிட்டுப் போனா வாசல்லயே வீல்சேர் பத்தி கேளுங்க. சாப்பாடு வீட்லருந்து கொண்டு போகலாம், புல்தரையில உக்காந்து சாப்பிட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நாங்க புளியோதரையும் அப்பளமும் கொண்டு போனோம்.

உள்ள போனதும் பாம் ஹவுஸ். 1844ல ஆரம்பிச்சு 1848ல முடிச்ச கண்ணாடி வீடு, இரும்பு வளைவுகளைப் பாத்தா ஒரு கப்பலைக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கும், கப்பல் கட்டுற டெக்னிக்கை வச்சுதான் கட்டியிருக்காங்க. கதவைத் திறந்த உடனே கண்ணாடியில எல்லாம் ஆவி படிஞ்சிடுச்சு, அம்மா ஸ்வெட்டரைக் கழட்டி என் கையில குடுத்தாங்க, லண்டன்ல இருந்த அஞ்சு வாரத்துல வேற எங்கயும் அதைக் கழட்டவே இல்ல. அப்புறம் நான் ஒண்ணும் விளக்க வேண்டி வரல. சக்கை (பலா), நல்லமிளகுக் கொடி, வாழைன்னு அவங்களே பேர் சொல்லிக்கிட்டு முன்னாடி நடக்கறாங்க, நான் பின்னாடி போர்டைப் படிச்சு சரிபாத்துக்கிட்டே போறேன்.

ரப்பர் மரத்துக்கிட்ட வந்ததும் நின்னுட்டாங்க. எங்க தாத்தா குலசேகரம் பக்கம் எஸ்டேட்ல பால் வெட்டினவரு. "மக்ளே, இதுல வெட்டே விழல பாத்தியா"ன்னு பட்டையைக் காட்டினாங்க. அங்க வச்சுதான் நான் அவங்களுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். 1876ல ஹென்றி விக்காம்ங்கறவர் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இதே கியூவுக்குக் கொண்டு வந்தாரு, முளைச்சது சில ஆயிரம்தான், அதுல பெரும்பகுதியை நாத்தா இலங்கைக்கு கப்பல்ல அனுப்பினாங்க, ஆசியாவுல இன்னிக்கு இருக்கற ரப்பர் தோட்டங்கள்ல பெரும்பாலானது அந்த வழியில வந்தது. விடியுறதுக்கு முன்னாடி தாத்தா நெத்தியில லைட்டைக் கட்டிட்டு சிரட்டையும் கத்தியுமா போன வேலைக்கு ஆரம்பம் இந்தத் தோட்டத்துல இருக்குன்னா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுங்க. அம்மா ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல.

அங்கயே ஒரு சைக்கட் செடி, பாக்க பனை மாதிரி இருக்கற ஆதிகால வகை, 1775ல தென்னாப்பிரிக்காவுல இருந்து வந்தது, இன்னும் தொட்டியிலதான் இருக்கு, சாயாம இருக்க முட்டு குடுத்து வச்சிருக்காங்க. இன்னொரு சைக்கட் டெம்பரேட் ஹவுஸ்ங்கற வேறொரு கண்ணாடி வீட்ல இருக்கு, என்செபலார்டோஸ் வுட்டியை. 1895ல காட்டுல ஒரே ஒரு ஆண் மரம் கண்டுபிடிச்சாங்க, பெண் மரம் இன்னி வரைக்கும் கிடைக்கல, உலகத்துல இருக்கறது எல்லாமே அந்த ஒரே மரத்தோட கன்னுங்க. இதைப் படிச்சிட்டு அந்த மரத்தைப் பாத்தா சும்மா கடந்து போக முடியல.

வாட்டர்லில்லி ஹவுஸ் கோடையில மட்டும்தான் திறப்பாங்க, ராட்சச அல்லி இலைங்க தாம்பாளம் மாதிரி விளிம்பு மடங்கி மிதக்கும். அதுல ஒரு வகைக்கு, விக்டோரியா பொலிவியானா, 2022லதான் பேரே வச்சாங்க, அதோட காய வச்ச செடி கியூவுலயே 177 வருஷமா இருந்திருக்கு, வேற இனம்னு நெனச்சுட்டு இருந்திருக்காங்க. மரியான் நார்த் கேலரியும் விடாதீங்க, 1882ல திறந்தது, ஒரே பெண்மணி ஊர் ஊரா போய் வரைஞ்ச 800க்கு மேல ஓவியங்க சுவர் தெரியாம மாட்டியிருக்கு, இந்தியா இலங்கை செடிகளும் உண்டு. பகோடா (அடுக்கு கோபுரம்), ட்ரீடாப் வாக் (மர உச்சி உயரத்துல போற நடைபாதை) எல்லாம் படி ஏற முடிஞ்சா பாருங்க. ஒண்ணு முக்கியம், பாம் ஹவுஸைப் பெரிய அளவுல புதுப்பிக்கற திட்டம் இருக்கு, மூடியிருக்காங்களான்னு வெப்சைட்ல பாத்துட்டு கிளம்புங்க.

மத்த பூங்காக்கள் எல்லாம் இலவசம். ரீஜன்ட்ஸ் பார்க்ல குயின் மேரிஸ் கார்டன்ஸ், சுமார் 12,000 ரோஜாச் செடி, ஜூன் முதல் ரெண்டு வாரத்துல போனீங்கன்னா உள்ள நுழையறதுக்கு முன்னாடியே வாசனை வந்துடும். செயின்ட் ஜேம்ஸ் பார்க்ல பெலிக்கன், 1664ல ரஷ்யத் தூதர் குடுத்ததுல இருந்து இருக்கு, மத்தியானம் ரெண்டரை மணி வாக்குல மீன் போடுவாங்க, கொழந்தைங்களோட போறவங்க அந்த நேரத்துக்குப் போங்க. ஹைட் பார்க் பெருசு, நடக்க நல்லா இருக்கு, ஆனா டெக்சேர்ல உக்காந்தா காசுங்கறது தெரிஞ்சு வச்சுக்கோங்க, பெஞ்ச்க்கு காசு கிடையாது.

ரிச்மண்ட் பார்க் வேற மாதிரி. 2,500 ஏக்கர், 600க்கு மேல மானுங்க சுதந்திரமா சுத்துது, 50 மீட்டர் தள்ளியே நில்லுங்க, குறிப்பா மே, ஜூன், ஜூலையில குட்டி இருக்கும். கிங் ஹென்றிஸ் மவுண்ட்ல இருந்து பாத்தா மரங்களுக்கு நடுவுல வெட்டி விட்ட சந்து வழியா 10 மைல் தூரத்துல செயின்ட் பால்ஸ் கோபுரம் தெரியும், அந்தப் பார்வையை மறைக்கற மாதிரி கட்டடம் வரக்கூடாதுன்னு பாதுகாத்து வச்சிருக்காங்க, எனக்கு லண்டன்லயே ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். பார்க்குக்குள்ளயே இருக்கற இசபெல்லா பிளான்டேஷன் தோட்டத்துல அசேலியா பூக்கறது ஏப்ரல் கடைசி, மே ஆரம்பம், நாங்க போனப்ப முடிஞ்சிருந்துச்சு. கியூவுல இருந்து 65ம் நம்பர் பஸ் பீட்டர்ஷாம் வழியா போகும், பார்க் கேட்டுக்கிட்டயே இறங்கலாம். ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல வைக்காதீங்க, கால் தாங்காது.

அம்மா கிளம்பறதுக்கு மூணு நாள் இருக்கறப்ப எங்க போகலாம்னு கேட்டேன், ஷாப்பிங்தான் சொல்வாங்கன்னு நெனச்சேன். ரப்பர் மரத்தை இன்னொருக்கா பாத்துட்டு வருவோம்னாங்க. மறுபடி டிக்கெட் எடுத்தோம், பாம் ஹவுஸைத் தவிர வேற எங்கயும் போகல, ஒன்றரை மணி நேரம் உள்ளயே இருந்தோம்.