ஒட்டுவதற்கு முன் முள்ளைத் தேடும் சைக்கிள் கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டப் பாதையில் நாள்தோறும் சைக்கிளில் போய்வரும் எனக்குப் பத்தே நாளில் பின்சக்கரம் மூன்று முறை பஞ்சரானது. முதலிரண்டு முறையும் வேறொரு கடையில் டியூபை மட்டும் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் முறைதான், பழைய கடைவரிசையில் பெயர்ப்பலகை மங்கிக் கிடக்கும் இந்தக் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

கடைக்காரப் பெரியவர் டியூபைக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் அடையாளமிட்டு, வால்விலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று டயரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்; டியூப் திரும்பியிருக்கலாம் என்பதால் வால்வின் இருபுறமும் டயரின் உட்புறத்தைத் தடவியபோது, ஒடிந்து புதைந்திருந்த செம்பனை மட்டை முள் அகப்பட்டது. "இத விட்டுட்டு ஒட்டுனா, நாளைக்கும் வரவேண்டியதுதான் தம்பி" என்றார். பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, அழித்துச் செம்பனை நட்ட தோட்டத்தில், ரப்பரைச் செம்பனை முள் இன்னும் விடாமல் குத்திக்கொண்டிருக்கிறது. ஓட்டை டியூபின் உள்வட்டத்தில் இருந்தால் ரிம் நாடாவையும் சக்கரக் கம்பி முனையையும், அருகருகே இரண்டு கீறல் இருந்தால் காற்றுக் குறைவையும் சந்தேகிக்க வேண்டும் என்பதை அவரிடமே கற்றேன்.

உப்புத்தாளால் தேய்த்துப் பசை பூசியபின், அதன் ஈரம் காயும்வரை ஐந்து நிமிடம் காத்திருந்தே ஒட்டுத் துண்டை அழுத்தினார்.

ஆனால் அவருடைய கைத்திறன் டயர் மாட்டுவதில்தான் தெரிகிறது. டயரின் ஒரு விளிம்பை ரிம்மில் ஏற்றி, டியூபுக்கு உருண்டை வடிவம் வருமளவு மட்டும் காற்றடித்து உள்ளே வைத்து, மறு விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வருகே முடித்தார். கடைசி ஒரு சாண் இறுகி நின்றபோதும் நெம்புக் கம்பியைத் தொடவில்லை. நெம்பினால் டியூப் நசுங்கிப் புது ஓட்டை விழும். ஏற்கெனவே ஏறிய விளிம்பைச் சுற்றிலும் ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளியதும் தளர்வு கிடைத்து, மீதியைக் கட்டைவிரலாலேயே ஏற்றிவிட்டார். பிறகு வால்வை மேலே தள்ளி, டியூப் விளிம்புக்கடியில் சிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பாதிக் காற்றில் சக்கரத்தைச் சுழற்றி டயர் எங்கும் சீராக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்தார்.

கூலி ஐந்து வெள்ளி (ரிங்கிட்). நேரம் முக்கால் மணி. காற்றை மட்டும் விரலால் அழுத்திப் பார்த்தே நிறுத்துகிறார். டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் 40 முதல் 65 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருக்க, வீட்டில் அளந்தபோது 35தான் இருந்தது. மெல்லிய வால்வு உள்ள டியூப் அங்கே கிடைப்பதில்லை. பந்தய சைக்கிள் வைத்திருப்பவர்கள் டியூபைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.